வாசலில் நின்ற மஞ்சள் சேலை

ராஜாக்களின் உடுப்பைப் பற்றி என்ன சந்தேகம் வந்தாலும் பிரிக்பீல்ட்ஸில் எல்லாரும் வல்லிபுரத்தாரிடம்தான் போவார்கள். மலாய்ச் சுல்தான்மார் பட்டத்தில் வரும் ‘படுக்கா’ என்பது நம்முடைய பாதுகைதான் என்பார். மகுடம்தான் ‘மஹ்கோத்தா’, சிங்காதனம்தான் ‘சிங்கஹ்சானா’, நம் ராஜாவுக்கு வெண்கொற்றக்குடை என்றால் இங்கே மஞ்சள் குடை, அங்கே முரசு என்றால் இங்கே நோபாட் என்று அடுக்கிக்கொண்டே போவார். ராமனின் செருப்பைப் பரதன் சிம்மாசனத்தில் வைத்ததில் தொடங்கினாரென்றால், கேட்க வந்தவர் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டுத்தான் வீடு போக வேண்டும். நூலகத்தில் தேடித் தேடிப் படித்தவர். படித்ததை ஊரெல்லாம் பேசியவர். மண்டபத்தில் மைக் இருந்தால் போதும், அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

வீட்டில் அந்தச் சோற்றையும் தண்ணியையும் வைத்துக்கொண்டு காத்திருந்தவள் குணபூசணி. இந்தக் கதை அவளுடையது. வல்லிபுரத்தாரின் கதையைச் சொல்ல ஆள் நிறைய உண்டு, அதில் முதல் ஆள் வல்லிபுரத்தாரேதான்.

குணபூசணி ஜெஞ்சாரோம் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பிறந்தவள். அப்பா தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துக் கட்டுப்போடும் டிரஸர். யாழ்ப்பாணத்து ஆட்களில் இங்கிலீஷ் படிக்காத பெண் அந்தக் காலத்தில் குறைவு. ஆனால் தோட்டத்தில் இருந்ததோ தமிழ்ப் பள்ளி ஒன்றுதான். பட்டணத்தில் சொந்தக்காரர் வீட்டில் விட்டுப் படிக்கவைக்க அப்பாவுக்கு மனம் வரவில்லை. அந்த மனம் வராத குறையை ஆயுள் முழுக்கச் சுமந்தவள் மகள். கிள்ளானில் அரசாங்கக் குமாஸ்தாவாக இருந்த மாப்பிள்ளை அவளைக் கட்டிக்கொண்டார். பிறகு தலைமைக் குமாஸ்தா ஆனார். ஆபீஸ் விருந்து, பெரிய அதிகாரி வீட்டுக் கல்யாணம், கிளப்பில் பிரியாவிடை, எதற்கும் அவளைக் கூட்டிப் போனதில்லை.

“அங்கை எல்லாம் இங்கிலீஷ்தான். நீ வந்து என்ன செய்யப் போறாய்?” என்பார். யாழ்ப்பாணப் பேச்சு அவர்கள் இருவருக்குள்ளே மட்டும். மற்றவர்களிடம் இருவரும் இந்த ஊர்ப்பேச்சுதான் பேசுவார்கள்.

அவளும் கேட்டுக்கேட்டு விட்டுவிட்டாள். மகள் ரமணியை வளர்த்தாள், கோட்டுக்கு இஸ்திரி போட்டாள், வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றினாள். அவர் கூடத்தில் நடந்தபடி பேச்சை ஒத்திகை பார்க்கும்போது அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டே கேட்டாள். பாதுகையும் மகுடமும் அவளுக்கும் தெரியும். யாரும் அவளிடம் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

எழுபத்தெட்டாம் வருஷம் வல்லிபுரத்தாருக்கு மாநிலத்தின் சேவைப் பதக்கம் அறிவித்தார்கள். கிள்ளான் அரண்மனையில் வைத்துக் கொடுப்பார்கள், மனைவியும் வரவேண்டும் என்று அழைப்பு வந்தது. அழைப்பில் இருக்கிறதே, இந்தத் தடவை அவரால் தட்ட முடியவில்லை.

“நீயும் வரவேணுமாம்” என்றார்.

அந்த ‘ஆம்’ அவளுக்குக் குத்தியது. ஆனாலும் சந்தோஷம் அதைவிடப் பெரிதாக இருந்தது. ஒரே ஒரு நாள் இந்த மனிதர் பக்கத்தில் நாலு பேர் பார்க்க நடந்துபோக வேண்டும். அவள் கேட்டது அதற்குமேல் ஒன்றும் இல்லை.

என்ன சேலை கட்டுவது என்று அவள் யாரிடமும் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை என்று நினைத்தாள். ராஜாவின் நிறம் மஞ்சள் என்பதை அந்த வீட்டுச் சுவருக்குக்கூடத் தெரியும். குடை மஞ்சள், சிம்மாசனத் திரை மஞ்சள், ராஜா உட்காரும் மெத்தை மஞ்சள். எத்தனை முறை காதில் விழுந்திருக்கிறது! முருகனுக்கு உகந்தது மஞ்சள் என்றால் தைப்பூசத்துக்கு மஞ்சள் கட்டிக்கொண்டு பத்துமலைக்குப் போகிறோம். அம்மனுக்கு மஞ்சள் என்றால் மஞ்சள் சேலையோடு போய்க் கும்பிடுகிறோம். யாருக்கு எது உகந்ததோ அதை உடுத்திக்கொண்டு போய் நிற்பதுதானே மரியாதை. அவள் படித்த மரியாதை அது. மலாய் அரண்மனையின் மரியாதை நேர் எதிர். அங்கே ராஜாவின் நிறம் ராஜாவுக்கு மட்டும். மற்றவர் அதைத் தொடாமல் இருப்பதே பணிவு. வல்லிபுரத்தாரின் பேச்சில் இந்தப் பாதியும் உண்டு. ஆனால் ஒத்திகையில் அது வரும் நேரத்தில் அவர் எப்போதும் “தேத்தண்ணி!” என்று குரல் கொடுப்பார், அவள் கேத்தலோடு பின்கட்டில் நிற்பாள்.

நல்ல மஞ்சள் பட்டு. மாம்பழத்தின் உள்நிறம். அரக்குக் கரை. ரமணியைக்கூடப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, தனியாகப் போய் வாங்கிவந்து அலமாரியின் அடியில் வைத்துக்கொண்டாள். கட்டிக்கொண்டு வந்து முன்னால் நிற்கும்போது அவர் பார்க்கட்டும் என்று இருந்தாள். ஆசை யாரை விட்டது!

அன்று காலையில் வல்லிபுரத்தார் கண்ணாடி முன்னால் நின்ற நேரத்தில் ஒரு கல்யாணப் பெண்ணை அலங்கரித்திருக்கலாம். கறுப்புக் கோட்டு, கறுப்புச் சொங்கோக் தொப்பி. தொப்பி நேராக உட்காரவேண்டும், சாய்ந்தால் மரியாதை இல்லை, முன்னால் இவ்வளவு, பின்னால் இவ்வளவு என்று பிடித்துப்பிடித்துப் பார்த்தார்.

“கைக்கண்ணாடியைப் பின்னாலை பிடி” என்றார்.

அவள் மஞ்சள் சேலையோடு அவர் பின்னால் நின்று கைக்கண்ணாடியைப் பிடித்தாள். முன்கண்ணாடியில் அவர் தெரிந்தார், அவர் தோளுக்கு மேலே அவள் முகமும் பாதிச் சேலையும் தெரிந்தன. அவர் தொப்பியின் பின்புறத்தைப் பார்த்தார். “இன்னும் கொஞ்சம் மேலை… ஆ, சரி” என்றார். அவள் காத்திருந்தாள். அவர் செண்ட் போத்தலை எடுத்தார்.

அடுத்த வீட்டு இருதயம் என்பவருக்குத் தெரிந்தவர் அய்யாவு, வாடகைக் கார் ஓட்டுபவர். அவர் காரில் கிள்ளானுக்குப் போனார்கள். முன்சீட்டில் வல்லிபுரத்தார், பின்சீட்டில் குணபூசணி. பின்சீட்டில் ஆளோடு ஆள் உட்கார்ந்தால் கோட்டு கசங்குமாம். வழியெல்லாம் அவர் அய்யாவுக்கு முரசின் வரலாறு சொன்னார். அய்யாவு பாவம், ரோட்டையும் பார்த்து இவரையும் பார்த்து ‘ம்’ கொட்டிக்கொண்டே வந்தார்.

அரண்மனை வாசலில் வரிசை. வரவேற்பில் நின்ற மலாய்ப் பெண்மணி குணபூசணியைக் கண்டதும் முகம் மாறினாள். ஆனால் குரல் மாறவில்லை. “மிந்தா மாஃப், புவான்” என்று மன்னிப்பு கேட்டு, அவள் கையை இரண்டு கையாலும் பிடித்து, மஞ்சள் உடுத்தி உள்ளே வருவது வழக்கமில்லை என்று மெதுவாகச் சொன்னாள். நேரம் இருக்கிறது, பக்கத்தில்தான் கடைத்தெரு, வேறு சேலை மாற்றிக்கொண்டு வந்தால் நானே கூட்டிப்போய் உட்காரவைக்கிறேன் என்றும் சொன்னாள். வேறு யாரும் அவ்வளவு மரியாதையாக அவளிடம் பேசியதில்லை. அந்த மரியாதையே அவளுக்குத் தாங்கவில்லை.

அப்போதுதான் வல்லிபுரத்தார் திரும்பி அவளைத் தலை முதல் கால் வரை பார்த்தார். பின்னால் வரிசையில் அவருடைய ஆபீஸ் ஆட்கள் இருவர் நின்றார்கள். அவர்களையும் பார்த்தார்.

“காருக்குள்ளை போய் இரு” என்றார்.

“சேலை மாத்திக்கொண்டு வரலாமாம்…”

“போய் இரு எண்டு சொன்னனான்.”

தொப்பியைத் தொட்டுச் சரிபார்த்துக்கொண்டு உள்ளே போனார். குணபூசணி அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வாசலில் ஒரு தடவை திரும்பினால் போதும் என்று நினைத்தாள். முதுகு திரும்பவில்லை.

காரில் அய்யாவு விஷயத்தைக் கேட்டுப் பதறிப்போனார். “ஐயோ, இதுக்கென்னம்மா, சேலைக்கடைங்க இதோ பக்கத்துலதான் இருக்கு. ஒரே ஓட்டம். கடையிலேயே மாத்திக்கிட்டு வந்துடலாம் லா. நான் கூட்டிட்டுப் போறேன்.”

“வேணாம் அய்யாவு.”

“ஏம்மா? நேரம் இருக்கும்மா.”

“நேரம் இருக்கு. எனக்குத்தான் வேணாம்.”

அய்யாவு வெளியே இறங்கிப்போய் மரத்தடியில் நின்றுகொண்டார். அவள் அழுவதைத் தான் பார்க்கக்கூடாது என்று நினைத்திருப்பார். அவள் அழவில்லை. முந்தானையை மடியில் விரித்துப் பார்த்தாள். அரக்குக் கரையில் காலையில் பூசிய குங்குமம் கொஞ்சம் ஒட்டியிருந்தது. உள்ளேயிருந்து முரசுச் சத்தம் கேட்டது. அதன் வரலாறு அவளுக்கு முழுக்கத் தெரியும்.

பதக்கம் குத்திக்கொண்டு வந்தவர் நெஞ்சில் மஞ்சள் நாடா தொங்கியது. மஞ்சள் அவர் நெஞ்சில் வெளியே வரலாம், அவளோடு உள்ளே போகத்தான் கூடாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

சாயந்திரம் வீடு நிறைய ஆட்கள். “மிஸஸுக்குக் கார்லயே தலைசுத்தல், உள்ள வர முடியல” என்று வல்லிபுரத்தார் ஒவ்வொருவரிடமும் சொன்னார். குணபூசணி பலகாரத் தட்டோடு வந்து ஒவ்வொரு தடவையும் தலையாட்டினாள். எல்லாரும் போன பிறகு அடுத்த வீட்டு டொரத்தி மட்டும் பின்கட்டில் நின்றாள். போன வருஷம் அவள் கணவர் இருதயத்துக்கும் ரயில் வேலைக்காக இதே பதக்கம் கிடைத்திருந்தது. கொடியில் காய்ந்த மஞ்சள் சேலையைக் கண்டதும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

“அக்கா, இதைக் கட்டிக்கிட்டா போனீங்க?”

குணபூசணி சேலையைக் கொடியிலிருந்து இழுத்து மடிக்கத் தொடங்கினாள்.

“அண்ணே சொல்லலையா? போன வருஷம் நான் மஞ்சள் பூப்போட்ட சேலை ஒன்னு தொவைச்சுக் கொடியில போட்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு பாத்துட்டு அண்ணேதானே சொன்னாரு, ‘தங்கச்சி, அரண்மனைக்கு இதைக் கட்டிராத, உள்ள விடமாட்டாங்க’ன்னு. அதான் நான் பச்சை கட்டிக்கிட்டுப் போனேன்.”

சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக்கூடாது என்று டொரத்திக்குத் தெரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். போன வார்த்தையைப் பொத்தி என்ன பயன்?

இரவுச் சாப்பாடு முடிந்ததும் குணபூசணி கேட்டாள். “காலமையே எனக்கு ஏன் சொல்லேல்லை?”

“முடிஞ்ச கதை. இனி அதைப் பற்றிக் கதையாதை.”

அவளும் கதைக்கவில்லை. ஆனால் மனசு கதைக்காமல் இருக்குமா? வேலிக்கு அப்பால் கொடியில் கிடந்த அடுத்தவள் சேலை தெரிந்தது. தோளுக்குப் பின்னால் கைக்கண்ணாடி பிடித்து நின்றவள் சேலை தெரியாமலா இருக்கும்? தெரிந்துதான் விட்டிருக்கிறார். இங்கிலீஷ் தெரியாதவளைப் பெரிய மனிதர்கள் முன்னால் கூட்டிப்போக வெட்கப்பட்டு, வாயால் ‘வராதே’ என்று சொல்ல முடியாமல், வாசலிலேயே நின்றுபோகட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறார். இப்படித்தான் அவள் கணக்குத் தீர்த்தாள். அந்தக் கோபத்தைக் கீழே வைக்காமல் வருஷக்கணக்காகக் கொண்டுதிரிந்தாள். சோறு வைத்தாள், இஸ்திரி போட்டாள், கோட்டுக்குப் பித்தான் தைத்தாள், வாய் திறக்கவில்லை. ரமணி கல்யாணத்தில் படம் எடுக்கக் கூப்பிட்டபோது அவர் பக்கத்தில் நிற்காமல் சம்பந்தி அம்மாவுக்கு அந்தப் பக்கம் போய் நின்றாள். போட்டோக்காரர் “ஆன்டி, அங்கிள் பக்கத்துல வாங்க” என்று கெஞ்சிப் பார்த்தார். காது கேளாதவள்போல இருந்துவிட்டாள். அவரும் கூப்பிடவில்லை.

அவள் கோபத்தில் ஒரு சின்னக் கர்வமும் இருந்தது, அதைச் சொல்லிவிட வேண்டும். இவ்வளவு பெரிய மனிதர் உட்கார்ந்து யோசித்துத் தனக்கு எதிராக ஒரு சூது செய்திருக்கிறார். சூது செய்யவாவது அன்று காலையில் அவளைப் பார்த்திருக்கிறாரே.

வல்லிபுரத்தார் ஓய்வு பெற்றார். பதக்கமும் கறுப்புக் கோட்டுமாக எடுத்த படம் கூடத்தில் தொங்கியது, அதன் கண்ணாடியை வாரந்தோறும் துடைத்தவள் அவள். பேச்சுகள் கூடின. தொண்ணூறுகளில் அவருக்கு எழுபது வயது நிறைந்தபோது பிரிக்பீல்ட்ஸ் சங்கத்தார் மண்டபத்தில் பாராட்டு விழா வைத்தார்கள். ‘ஆடையும் அரசும்’ என்று அவரே பேசவேண்டும், பிறகு பொன்னாடை போர்த்தவேண்டும், பொன்னாடையை அம்மா கையால்தான் போர்த்தவேண்டும் என்று சங்கச் செயலாளர் ராதாகிருஷ்ணன் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார்.

விழாவன்று குணபூசணி அலமாரியின் அடியிலிருந்து அந்த மஞ்சள் சேலையை எடுத்தாள். ஒரே ஒரு நாள் உடுத்திய சேலை. மடிப்பில் மட்டும் கொஞ்சம் நைந்திருந்தது. உடுத்திக்கொண்டு கூடத்துக்கு வந்து அவர் முன்னாலேயே நின்றாள். பார்க்கட்டும். பார்த்துத் திட்டட்டும், இல்லை தலைகுனியட்டும். இரண்டில் எது நடந்தாலும் அவளுக்குப் போதும்.

வல்லிபுரத்தார் பேச்சுக் குறிப்பை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். “வெளிக்கிட்டாச்சோ? வா, கார் வந்திட்டுது” என்று முன்னால் நடந்தார்.

கல் மனசு என்று நினைத்துக்கொண்டாள். பார்த்தும் பார்க்காததுபோலப் போக எப்படிப் பழகியிருக்கிறார்!

மண்டபத்தில் முன்வரிசையில் டொரத்தி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். சேலையைப் பார்த்தாள், குணபூசணியின் முகத்தைப் பார்த்தாள். வல்லிபுரத்தார் மேடையில் வழக்கம்போலப் பரதனில் தொடங்கினார். குடை, முரசு, வாள், கிரீடம் எல்லாம் வந்தன. மஞ்சளும் வந்தது. இந்தத் தடவை குணபூசணி அந்தப் பாதியையும் முழுக்கக் கேட்டாள்.

“இந்த மஞ்சள் விஷயம் நம்ம ஆளுங்க நிறையப் பேருக்குத் தெரியாது” என்று வல்லிபுரத்தார் சிரித்தார். “ஒரு தடவை கிள்ளான் அரண்மனைக்கு ஒரு அம்மா வந்திருந்தாங்க. பாவம், படிப்பு இல்லாத அம்மா. கழுத்துலேருந்து கால் வரைக்கும் மஞ்சள்! வாசல்லயே நிறுத்திட்டாங்க. ராஜாவுக்குப் போட்டியா இன்னொரு ராணி வந்துட்டான்னு பயந்துட்டாங்களோ என்னமோ!”

மண்டபம் குலுங்கிச் சிரித்தது. சொல்லிச்சொல்லிப் பழகிய கதை என்பது நிறுத்திய இடத்திலேயே தெரிந்தது. எத்தனை மண்டபத்தில் சொல்லியிருப்பாரோ! அவளைத்தான் எங்கேயும் கூட்டிப்போவதில்லையே. டொரத்தி குணபூசணியின் கையைப் பிடித்தாள்.

“இப்போ ஐயாவுக்குப் பொன்னாடை போர்த்த அம்மாவை மேடைக்கு அழைக்கிறோம்” என்றார் ராதாகிருஷ்ணன்.

குணபூசணி எழுந்தாள். அந்த மஞ்சள் மண்டபம் முழுக்கத் தெரிந்தது. சிரித்து முடிக்காதவர்கள் சிலர் அதைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கிக்கொண்டார்கள். வல்லிபுரத்தார் நாற்காலியில் சபையைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். படம் எடுப்பவர் எதிரே நின்றார், இவர் தன் முகத்தை அவருக்குக் கொடுத்திருந்தார். அவள் பின்பக்கமாகப் போய் நின்றாள். பொன்னாடையை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள். போர்த்தவில்லை.

“திரும்பாமல் சொல்லுங்கோ” என்றாள். “நான் இண்டைக்கு என்ன நிறத்திலை சேலை கட்டியிருக்கிறன்?”

முன்னால் இருந்த மைக் அதை மண்டபம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது. சபை கலகலத்தது. வயதான தம்பதியின் விளையாட்டு என்று கைதட்டினார்கள். “சொல்லுங்க ஐயா, சொல்லுங்க!” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. மஞ்சள் என்று சொல்லிவிடுவார், சொன்னதும் அந்த முகம் மாறும், இத்தனை வருஷத்துக்கும் அது போதும் என்று குணபூசணி காத்து நின்றாள்.

வல்லிபுரத்தார் சபையைப் பார்த்து நன்றாகச் சிரித்தார்.

“நீலம்” என்றார். “எப்பவும் கட்டுறதுதானே.”

பின்வரிசைகள் சிரித்தன. முன்வரிசைகளில் சத்தம் இல்லை. ராதாகிருஷ்ணன் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்தார். வல்லிபுரத்தார் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

குணபூசணி பொன்னாடையைப் பிரித்து அவர் தோளில் போர்த்தினாள். ஓரம் கோணலாக விழுந்திருந்தது, அதை இழுத்து நேராக்கினாள். பிறகு படியிறங்கி வந்து டொரத்தி பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் முகத்தைப் பார்க்கவே டொரத்திக்குப் பயமாக இருந்தது.

“அக்கா…”

“வேணும்னுதான் செஞ்சாருன்னு நெனைச்சேன் டொரத்தி” என்றாள் குணபூசணி. “இல்லை. அன்னைக்குக் காலையிலயும் அவர் என்னைப் பாக்கவே இல்லை.”

மேடையில் வல்லிபுரத்தார் பொன்னாடையோடு எழுந்து மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, நன்றியுரை சொல்லத் தொடங்கினார்.